கொடையின் மெய்விலை: யாழ்ப்பாணத்துத் தருமங்களும் வரியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் கொடைக்குத் தனியிடம் அளித்து வந்துள்ளனர். கோயில், மடம், கேணி, பாடசாலை, வாசிகசாலை என ஊரின் பொதுநிலையங்களிற் பெரும்பாலானவை ஒருவரது அல்லது ஒரு குடும்பத்தினது தருமமாகவே பேசப்படுகின்றன. வாயிற்கல்லிலே பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தருமசாதன உறுதி நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆயின், அத்தருமத்துக்கு உண்மையில் எவர் எவ்வளவு கொடுத்தார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. இது வெறும் கணக்கு வினா அன்று. ஒரு நிலையத்துக்குப் பணம் கொடுத்தவர் எவர் என்பதைப் பொறுத்தே அதன்மீது உரிமை கோரத்தக்கவர் எவர் என்பதும் அமைகின்றது.

வரிக்கும் கொடைக்கும் உள்ள தொடர்பை நோக்குமிடத்து இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. ஒருவர் நூறு ரூபாவைத் தருமநிலையம் ஒன்றுக்குக் கொடுக்கின்றார் எனக் கொள்வோம். அத்தொகையை அவரது வருமானத்திலிருந்து கழித்து எஞ்சியதற்கே அரசு வரி விதிக்குமாயின், கொடுக்காதிருந்தால் செலுத்தவேண்டியிருந்த வரியில் ஒரு பகுதி அவருக்கு மிஞ்சுகின்றது. வரி வீதம் முப்பதாயின் முப்பது ரூபா மிஞ்சும். எனவே நிலையம் பெற்றது நூறு. கொடையாளி இழந்தது எழுபது. இவ்வெழுபதே அவர் கொடையின் மெய்விலை. எஞ்சிய முப்பதை அரசு இழந்தது. அரசு இழந்ததைப் பிற வரிகளாலோ, செய்யாது விட்ட சேவைகளாலோ பொதுமக்கள் ஈடுசெய்தனர். கல்லிலே ஒரு பெயர் இருக்கின்றது. கொடுத்தவர்களோ இரு திறத்தினர். இக்கட்டுரையில் நாம் அந்த இரண்டாவது திறத்தினரை, அதாவது பெயரில்லாக் கொடையாளரை, யாழ்ப்பாண வரலாற்றினூடாகத் தேட முயல்கின்றோம்.

1. இறையிலியும் மகமையும்

தருமத்துக்கு வரி நீக்கும் வழக்கம் மேனாட்டார் கொணர்ந்ததெனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. சோழர் காலக் கல்வெட்டுகளிலே தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் ஆகிய நிலங்கள் இறையிலியாக விடப்பட்டமைக்குச் சான்றுகள் நிரம்ப உள. ஈண்டு எமது கவனத்துக்குரியது இறையிலி வழங்கப்பட்ட முறையாகும். நிலத்தைக் கோயிலுக்குக் கொடுப்பவர் சில சந்தர்ப்பங்களில் ஒரு தொகையையும் ஊர்ச்சபையிடம் முன்கூட்டியே செலுத்தினார். இது இறைகாவல் எனப்பட்டது. அத்தொகையைக் கொண்டு அந்நிலத்துக்குரிய இறையைச் சபையே தொடர்ந்து செலுத்தும். நிலம் இறையிலியாயிற்றெனினும் இறை மறைந்துபோகவில்லை. எவரோ ஒருவர் அதைச் செலுத்தினர். இறைகாவல் கொடுத்தவர் தமது தருமத்தின் முழுவிலையையும் தாமே ஏற்றார். அவ்வாறு கொடாதவிடத்து அச்சுமை ஊராரின் மேல் விழுந்தது. தருமத்தின் மெய்விலையை எவர் ஏற்பது என்னும் வினாவை அக்காலத்துச் சபையினர் எம்மினும் தெளிவாக உணர்ந்திருந்தனர் எனலாம்.

கொடையின் நோக்கத்தைப் பற்றிய விசாரணையும் தமிழிலே பழைமையானது. ஆய் என்னும் வள்ளலை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று, மறுமையிற் பயன் கிட்டும் என்று கணக்கிட்டு இம்மையிற் கொடுப்பதை வாணிகத்தோடு ஒப்பிட்டு, ஆயின் கொடை அத்தகையதன்று என்கின்றது. மறுமைப் பயனுக்கே அவ்வாறாயின், அவ்வாண்டின் வரிப்படிவத்திலேயே பயன் கிட்டும் கொடையை அப்புலவர் எவ்வாறு மதித்திருப்பார் என்பது சிந்திக்கத்தக்கது. எனினும் நாம் இங்கு கொடுப்பவரின் உள்ளத்தை அளக்க முற்படவில்லை. எமது நோக்கம் கொடையின் சமூக விலையை அளத்தலே.

வணிகர் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கோ பொதுக்காரியத்துக்கோ ஒதுக்கும் மகமை என்னும் வழக்கமும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. வரியும் கொடையும் ஒன்றாய் இணைந்த வடிவம் அது. ஒரு குழுவினர் தம்மேல் தாமே விதித்துக்கொண்ட வரியாதலின், அதன் விலையை அவர்களே ஏற்பது போலத் தோன்றும். ஆயின் வணிகர் அதனைப் பண்டத்தின் விலையோடு சேர்த்தவிடத்து, வாங்கியவனும் அறியாமலே தருமத்திற் பங்காளியானான்.

2. முழுவிலை கொடுத்தோர்

போர்த்துக்கேயர் 1620களில் நல்லூர்க் கோயில் முதலியவற்றை இடித்தபின், யாழ்ப்பாணத்துச் சைவநிலையங்களுக்கு அரசின் ஆதரவு இல்லாதொழிந்தது. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியிலிருந்து அவை மீண்டும் எழுந்தபோது தனியார் பணமே ஆதாரமாயிற்று. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வைத்திலிங்கச் செட்டியார் கட்டுவித்தமை இதற்குத் தக்க சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோதும், 1877ஆம் ஆண்டளவிற் பஞ்சம் தோன்றியவிடத்துக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தியபோதும், கொடுத்தவர் எவருக்கும் வருமான வரிக்கழிவு என்ற பேச்சே எழவில்லை. இலங்கையில் அக்காலத்தில் வருமான வரியே இருந்ததில்லை. நூறு கொடுத்தவர் நூறையும் இழந்தார்.

அவ்வாறு முழுவிலை கொடுத்தோர் செல்வர் மட்டுமல்லர். பெண்கள் நாள்தோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் இட்டு, அதைக் கோயிலுக்கோ பாடசாலைக்கோ கொடுத்த பிடியரிசி வழக்கத்தை யாம் நன்கறிவோம். பிடியரிசிக்குப் பற்றுச்சீட்டு இல்லை, கல்வெட்டும் இல்லை. பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண்ணின் நினைவாகத் தெருவோரங்களில் நாட்டப்பட்ட சுமைதாங்கிக் கற்கள், மாடுகளுக்கென அமைந்த ஆவுரோஞ்சிக் கற்கள், பருத்தித்துறையில் இன்றும் காணப்படும் தெருமூடிமடம் ஆகியன வழிப்போக்கர் எவரையும் ஊரும் குலமும் கேளாது பயன்படுத்தவிட்ட தருமங்களாகும். தெருவில் நின்ற கல் எல்லார் சுமையையும் தாங்கியது. வேலிக்குள் நின்ற கிணறு அவ்வாறு இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்க மிசனின் பணம் பற்றியும் இதனையே கூறலாம். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அம்மிசன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியது. அதற்குப் பணம் அனுப்பிய புதிய இங்கிலாந்துப் பகுதி மக்கள் அக்காலத்திலே வருமான வரி செலுத்துவோரல்லர். ஐக்கிய அமெரிக்காவில் நன்கொடைக்கான வரிக்கழிவு 1917ஆம் ஆண்டிலேயே, முதலாம் உலகப் போர் காரணமாக வரி வீதங்கள் உயர்த்தப்பட்டபோது, சட்டமாயிற்று. உயர்ந்த வரியால் கல்லூரிகளுக்கும் தருமங்களுக்கும் வரும் கொடை வற்றிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஊழியம் புரிந்த யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய பணமும் இவ்வகையினதே. குடாநாட்டின் கல்வீடுகள் மட்டுமன்றிப் பல கோயில்களும் பாடசாலைக் கட்டடங்களும் அப்பணத்தின் துணைகொண்டு எழுந்தன. மலாயாவில் நிலையான வருமான வரி 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் மூலமே வந்தது. அதற்குமுன் அனுப்பப்பட்ட பணத்தில் அந்நாட்டு மக்களின் வரிப்பங்கு கலந்திருக்கவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த எழுதுவினைஞர் தமது கொடையின் முழுவிலையையும் தாமே செலுத்தினார். எனவே யாழ்ப்பாணத்தின் தருமச் செல்வத்திற் பெரும்பகுதி வரிச்சலுகையை எதிர்பாராது தோன்றியதென்பதே எமது முதலாவது முடிபு. சலுகை இல்லையேல் கொடை இல்லை என்று வாதிப்போர் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் வேண்டும்.

3. மறைந்திருந்த பங்காளி

எனினும் முழுவிலை கொடுத்தனர் என்ற கூற்றுக்கு ஒரு வரையறை உண்டு. கட்டடத்தைக் கொடையாளர் கொடுத்தனர். ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுத்தவர் எவர்? 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் அமைந்தபின், மிசன் பாடசாலைகளும் காலப்போக்கிற் சைவப் பாடசாலைகளும் அரசாங்கத்தின் உதவிநன்கொடையைப் பெற்று நடந்தன. அந்த உதவிநன்கொடை அரசாங்க வருவாயிலிருந்து வந்தது. அவ்வருவாயோ சுங்கத் தீர்வை, உப்பு, 1890களின் தொடக்கம்வரை நெல்வரி, முத்திரை வரி ஆகியவற்றாற் பெரிதும் அமைந்தது. இறக்குமதி அரிசியையும் உப்பையும் வாங்கியோர் அனைவரும், கூலியாளர் உட்பட, யாழ்ப்பாணத்துக் கல்விநிலையங்களின் பங்காளராயினர்.

இங்குதான் யாழ்ப்பாணச் சமூகத்தின் அடிப்படை முரண்பாடு வெளிப்படுகின்றது. உப்புக்கும் அரிசிக்கும் வரி செலுத்திய தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பல உதவிபெறும் பாடசாலைகளில் இடமில்லை. இடம் கிடைத்தவிடத்தும் வாங்கில் இருக்கையில்லை. 1930ஆம் ஆண்டளவில் சமஆசனம் வழங்கவேண்டுமென அரசாங்கம் வற்புறுத்தியபோது குடாநாட்டிற் கடும் எதிர்ப்பு மூண்டது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசினர் போன்றோர் சமத்துவத்தின் பக்கம் நின்றனர். எதிர்த்தோரின் வாதங்களுள் ஒன்று, இவை எமது முன்னோர் கட்டிய பாடசாலைகள் என்பதாகும். கட்டியோர் எவர் என்பதற்கு விடை இருந்தது. நடத்தியோர் எவர் என்ற வினாவே மறைக்கப்பட்டது.

இங்கிலாந்திலே இத்தகைய விவாதம் முன்னரே நிகழ்ந்துள்ளது. 1863ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் கிளாட்ஸ்ரன் தருமநிலையங்களுக்கான வருமான வரி விலக்கை நீக்க முனைந்தார். விலக்களிப்பு என்பது பாராளுமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்படாத ஒரு பொதுச் செலவே என்றும், அச்சுமை ஏனைய வரியிறுப்போரின் மேல், அவர்களுள் ஏழைகளும் அடங்க, விழுகின்றது என்றும் அவர் வாதித்தார். எதிர்ப்பு வலுத்தமையால் அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. பின்னர் 1891இல் பெம்செல் வழக்கிலே பிரபுக்கள் சபை, வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமய வளர்ச்சி, சமூகத்துக்கு நன்மை தரும் பிற நோக்கங்கள் என்னும் நான்கையும் தருமமென வகுத்தது. இலங்கையின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் அவ்வகுப்பை ஒட்டியே தருமத்தை வரையறுத்தது. இவ்வாறு ஆங்கிலச் சட்டத்தின் தருமக் கருத்தும் யாழ்ப்பாணத்தின் தருமசாதன வழக்கும் ஒன்றோடொன்று சந்தித்தன.

4. பொது என்னும் சொல்

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் நடைமுறைக்கு வந்தது. பொதுத்தன்மை வாய்ந்த தருமநிலையங்களின் வருமானம் வரியிலிருந்து விலக்கப்பட்டது. பொதுத்தன்மை என்ற அச்சிறு சொல்லே எமது ஆய்வின் மையம்.

யாழ்ப்பாணத்துத் தருமசாதனங்கள் பலவற்றில் ஒரு பொது இயல்பைக் காணலாம். நிலமும் பொருளும் கோயிலுக்கோ மடத்துக்கோ சாதனமாக்கப்படும். முகாமை மாத்திரம் கொடையாளியின் சந்ததியில் வழிவழி தொடரும். சொத்துக் குடும்பத்தை விட்டு நீங்கியதா, அன்றி வேறு பெயரிற் குடும்பத்திடமே தங்கியதா என்பது வழக்குமன்றங்களைப் பன்முறை எதிர்நோக்கிய வினாவாகும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, சமய நம்பிக்கைப் பொறுப்பொன்றில் அக்கறையுடைய ஐவர் ஒன்றுகூடி வழக்குத் தொடர இடமளித்தது. முகாமைக்காரரிடம் கணக்குக் கேட்கும் உரிமை இவ்வாறு ஊரவருக்குக் கிட்டியது. யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்திற் கோயில் வழக்குகள் மலிந்தமையைச் சிலர் யாழ்ப்பாணத்தவரின் வழக்காடும் குணமென்று நகையாடுவர். எமது கருத்தில், அவை பொது என்னும் சொல்லின் பொருளைத் தீர்மானிக்க நடந்த போராட்டங்களாகும்.

1958இல் அரசின் அழைப்பின்பேரில் இலங்கை வந்த பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையையொட்டி 1959ஆம் ஆண்டின் தனியாள் வரிச் சட்டம் செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி ஆகியவற்றைக் கொணர்ந்தது. அவை பின்னர் கைவிடப்பட்டன. எனினும் நன்கொடை வரி என்ற கருத்து யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை ஆழமான ஒரு வினாவை எழுப்பியது. தேசவழமையின் உலகிலே கொடைகளுட் பெரியது சீதனம். முதுசமும் தேடியதேட்டமும் குடும்பத்துக்குள்ளேயே கைமாறுவன. குடும்பத்துக்குட் செல்லும் கொடையையும் ஊருக்குச் செல்லும் கொடையையும் வரிச்சட்டம் பிரித்தறிய வேண்டுமாயின், குடும்ப முகாமையில் உள்ள கோயிலுக்குக் கொடுத்தது எதன்பாற்படும்? சட்டம் கேட்ட இவ்வினாவைச் சமூகமும் விரைவிலேயே கேட்கத் தொடங்கியது.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களில் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் கோயிற் கதவுகள் பல திறக்கவில்லை. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருவாயிற்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. கதவை மூடியோரின் வாதம், இது எமது கோயில் என்பதே. இங்கு வரி வரலாறு ஓர் எளிய மறுமொழியைத் தருகின்றது. பொதுநிலையம் என்ற பெயரால் வரிவிலக்குக் கோரும் எந்த நிலையமும், அவ்விலக்கின் சுமையை ஏற்ற மக்களை நோக்கி இது எமக்கே உரியது என்று கூறவியலாது. வரித்திணைக்களத்தின் முன் பொதுவாகவும், வாசலின் முன் தனியாகவும் ஒரு நிலையம் இருத்தல் முறையன்று.

5. பாடசாலைகள் கைமாறிய வரலாறு

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் பொறுப்பில் கொணர்ந்தன. யாழ்ப்பாணத்திலே சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923 முதற் கட்டியெழுப்பிய பாடசாலைத் தொகுதியும் மிசன் பாடசாலைகள் பலவும் இதனுள் அடங்கின. யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில நிலையங்கள் தனியார் பாடசாலைகளாகவே நீடித்தன. பரம்பரையாகக் கொடுத்தோர் தம் தருமம் பறிபோயிற்றென வருந்தினர். அவ்வருத்தம் நியாயமற்றதன்று, பிடியரிசியாலும் மலாயாப் பணத்தாலும் எழுந்த கட்டடங்கள் நட்டஈடின்றியே கைமாறின. மறுபுறத்தில், ஆசிரியர் சம்பளத்தை நெடுங்காலமாகப் பொதுப்பணமே ஏற்றுவந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் அப்பங்கு மேலும் பெருகியது. இருவரும் கொடுத்தனர், இருவருக்கும் உரிமை இருந்தது. ஒருவரின் கணக்கு கல்லிலும் மற்றவரின் கணக்கு ஏட்டிலும் இருந்தமையால், விவாதம் ஒருபக்கச் சார்பாகவே நடந்தது.

இக்கைமாற்றத்தின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு எம் கண்முன் உள்ளது. சேர் பொன். இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். வருமான வரி நாட்டில் இல்லாத காலத்திற் செய்யப்பட்ட அக்கொடைகளின் விலையை அவரே ஏற்றார். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேயே தொடங்கப்பட்டது. அதுவே 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று. ஒருவர் கொடுத்த நிலத்திலே அரசின் பணத்தில், எவ்வூர் எக்குலம் என்ற வினாவின்றி மாணவர் கற்கின்றனர். தனிக்கொடையும் பொதுப்பணமும் முறையாகச் சேருமிடத்துக் கொடை தன் பெயரை இழப்பதில்லை. அதன் எல்லையே விரிகின்றது.

6. இன்றைய கணக்கு

இன்று நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், நோயாளருக்கும் வறியோருக்கும் நிலையப் பராமரிப்பு வழங்கும் அங்கீகரிக்கப்பட்ட தருமநிலையங்களுக்குத் தனியாள் ஒருவர் கொடுக்கும் பணத்தைக் கழிக்க இடமளித்தது. வரிக்குரிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, இவற்றுட் குறைந்ததே எல்லை. அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. கோயிற் கோபுரத்துக்குக் கொடுப்பது இக்கழிவின்பாற்படாது. ஆகவே எமது ஊர்க் கொடைகளிற் பெரும்பாலானவை இன்றும் முழுவிலைக் கொடைகளே.

கழிவு கிடைக்குமிடத்து அது எவ்வாறு பயன்படுகின்றது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். முதியோர் இல்லமொன்றுக்கு மூவர் தலைக்கு 75,000 ரூபா கொடுக்கின்றனர் எனக் கொள்வோம். 2025 ஏப்பிரல் முதல் நிலவும் வீதங்களின்படி மிகவுயர்ந்த படி நூற்றுக்கு 36. மிகத்தாழ்ந்த படி நூற்றுக்கு 6. முதலாமவர் உயர்படியில் உள்ள மருத்துவ நிபுணர். அவருக்கு 27,000 ரூபா மிஞ்சுகின்றது; அவரது கொடையின் மெய்விலை 48,000 ரூபா. இரண்டாமவர் தாழ்படியிலுள்ள அலுவலர். அவருக்கு மிஞ்சுவது 4,500 ரூபா. மெய்விலை 70,500 ரூபா. மூன்றாமவர் தம் ஆண்டுவருமானம் 18 இலட்சம் ரூபாவாகிய வரிவிலக்கெல்லையைத் தாண்டாத சிறுவிவசாயி. அவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அவரது மெய்விலை முழு 75,000 ரூபா. ஒரே தொகை, ஒரே இல்லம், விலைகளோ மூன்று. வருமானம் குறையக் குறைய விலை ஏறுகின்றது. 2024 சனவரி முதல் நூற்றுக்கு 18ஆக உள்ள பெறுமதி சேர் வரியை அவ்விவசாயி தாம் வாங்கும் பல பண்டங்களுக்குச் செலுத்துகின்றார். அவ்வகையில் மருத்துவ நிபுணருக்கு மிஞ்சிய 27,000 ரூபாவின் சுமையிலும் அவருக்கு ஒரு சிறு பங்கு உண்டு. பற்றுச்சீட்டில் அவர் பெயர் இருமுறை எழுதப்பட வேண்டியது, ஒருமுறையே எழுதப்படுகின்றது.

சலுகையினாற் கொடை பெருகுமென்பது இதற்குக் கூறப்படும் சமாதானம். அமெரிக்கப் பொருளியலாளர் மாட்டின் ஃபெல்ட்ஸ்ரைன் 1970களில் செய்த ஆய்வுகள், அரசு இழக்கும் வரியைவிடக் கூடுதலான கொடையைச் சலுகை தோற்றுவிக்கின்றது என்ற முடிபுக்கு வந்தன. 1995இல் வெளியான ரன்டோல்பின் ஆய்வோ, வரி மாற்றங்களைக் கண்டு மக்கள் தம் கொடையின் காலத்தையே பெரிதும் முன்பின்னாக மாற்றுகின்றனர் என்றும், நிலையான விளைவு முன்னர் எண்ணியதைவிடச் சிறிதென்றும் காட்டியது. விவாதம் முடிந்துவிடவில்லை. அவ்வாய்வுகள் கொடையின் அளவையே நோக்கின. எவர் கொடை, எவருக்குக் கொடை என்பது வேறு வினா. அதற்கு விடை காண யாழ்ப்பாணம் போன்ற ஒரு சமூகத்தின் வரலாறு துணைபுரியும்.

7. புலம்பெயர்ந்தோர் பணம்

1983இன் பின் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவர், மலாயாத் தலைமுறையினரின் பணியைப் புதிய நிலைமையில் தொடர்கின்றனர். ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் வாழும் நாடுகளில் வருமான வரியும் உண்டு. கொடைக்கான சலுகையும் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 1990இல் தொடங்கிய கொடையுதவித் திட்டத்தின்படி, வரியிறுப்பவர் ஒருவர் பதிவுபெற்ற தரும நிறுவனத்துக்கு 100 பவுண் கொடுத்தால் அந்நிறுவனம் அரசிடமிருந்து மேலும் 25 பவுண் பெறும். நூற்றுக்கு 40 வீதம் வரியிறுப்பவராயின், தாம் இன்னும் 25 பவுணை மீளப்பெறலாம். நிறுவனம் பெறுவது 125. அவர் இழப்பது 75. யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றுக்கு இவ்வழியில் ஒரு கட்டடம் எழுமாயின், அதன் செங்கற்களிற் சில ஆங்கிலேயத் தொழிலாளரும் பிற நாடுகளிலிருந்து அங்கு குடியேறியோரும் வைத்தவை. இப்பங்காளரை நன்றியோடு நினைத்தல் தகும்.

இதனோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டியுள்ளது. பழைய மாணவர் சங்கங்களின் வழியாகச் செல்லும் பணம் இயல்பாகவே பழைய மாணவர் வளம்பெற்ற கல்லூரிகளையே நாடுகின்றது. முன்னர் சாதியாலும் வகுப்பாலும் வாய்ப்புப் பெற்றோரின் பிள்ளைகளே பெரிதும் கற்று வெளிநாடு சென்றனராயின், அவ்வாய்ப்பின் ஏற்றத்தாழ்வு கொடையின் வழியாக அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படுகின்றது. தீவுப்பகுதியிலோ கரையோரக் கிராமத்திலோ உள்ள சிறு பாடசாலைக்கு இலண்டனிற் சங்கமில்லை. சலுகை இவ்வேறுபாட்டை உருவாக்கியதன்று. பொதுப்பணத்தை அதனோடு சேர்த்து அதனைப் பெருக்குகின்றது. கொடுப்போரின் நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. நல்லெண்ணம் மட்டும் சமத்துவத்தைக் கொணராது என்பதே வரலாறு தரும் படிப்பினை.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவது, யாழ்ப்பாணத்துத் தருமங்களின் அடித்தளம் வரிச்சலுகையால் எழுந்ததன்று; அதை எழுப்பியோருள் ஒரு பிடி அரிசியை முழுவிலையாகக் கொடுத்த எளிய பெண்களும் அடங்குவர். இரண்டாவது, வருமானப் படிக்கேற்ப விலையைக் குறைக்கும் கழிவுமுறை, குறைந்த வருமானத்தோரின் கொடையை மிக விலையுயர்ந்ததாக்குகின்றது. கனடா 1988இல் வருமானக் கழிவை நீக்கி, கொடையாளியின் வருமானப் படியைப் பெரிதும் சாராத வரிக்கழிவு முறையைக் கொணர்ந்தது. வரியே இறுக்காத வறியோரை அத்தகைய முறையும் எட்டாது. அவர்கள் கொடுக்கும் நிலையங்களுக்கு அரசு நேரடியாக ஈடுகொடுப்பதே வழி. மூன்றாவதும் தலையாயதும் இது: பொதுப்பணம் எவ்வடிவிற் கலந்தாலும், உதவிநன்கொடையாயினும் வரிவிலக்காயினும், அந்நிலையம் பொதுமக்களுக்குக் கடன்பட்டதாகின்றது. வாயில் எல்லாருக்கும் திறந்திருத்தலும் கணக்கு எல்லாரும் பார்க்கக் கிடைத்தலும் அக்கடனின் இரு தவணைகள்.

இறைகாவல் கொடுத்த முற்காலத்துக் கொடையாளி, தம் தருமத்தின் சுமை அயலவர்மேல் விழலாகாது என்பதில் கவனம் செலுத்தினார். அக்கவனம் இன்றைய எமது தருமநிலையங்களுக்கும் அவற்றின் முகாமைக்காரருக்கும் வேண்டியதாகும். கொடுத்தோர் பெயரைக் கல்லில் வெட்டுவதில் எமக்கு மறுப்பில்லை. அக்கல்லின் அருகே ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கும் ஒட்டப்படுமாயின், பெயரில்லாக் கொடையாளருக்கும் உரிய மதிப்புச் செய்ததாகும்.